காரைக்குடிச் சரக்கும் உலக சப்ளை செயினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் மசாலா, பலகாரம், கண்டாங்கி, டைல்ஸ், பனையோலைக் கொட்டான் என்று எதையாவது செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களும் அனுப்ப நினைக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நடுநடுவே பெரிய கம்பெனிகளின் கதையும் வரும். அவர்கள் கோடிக்கணக்கில் செலவழித்துக் கற்றுக்கொண்டது நமக்குச் சும்மா கிடைக்கிறது, விடுவானேன்.

சப்ளை செயின் டிசைன் என்றால் லாரி பேசி, கப்பல் புக் பண்ணுவதுதானே?

இல்லை, அது கடைசி வேலை. சப்ளை செயின் என்பது மூலப்பொருளிலிருந்து வாங்குகிறவர் கை வரை சரக்கு போகிற வழி முழுவதும். டிசைன் என்பது அதற்கு வெகுமுன்னால் எடுக்கிற, எடுத்தபின் சுலபத்தில் மாற்ற முடியாத முடிவுகள்: எதை நாமே செய்வது, எதை வெளியே வாங்குவது, யாரிடம் வாங்குவது, எந்த ஊரில் சரக்கை இருப்பு வைப்பது, எந்தத் துறைமுகம், எந்த நாட்டுச் சந்தை. எனக்குக் கேட்டால் இத்தனையையும் இரண்டே கேள்வியில் அடக்கிவிடுவேன். வழியில் சரக்கு எங்கே நின்று காத்திருக்கப்போகிறது? அது நிற்கிற நேரம் முழுக்க யாருடைய பணம் முடங்கிக் கிடக்கப்போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் கப்பல் வாடகையில் பேரம் பேசிப் புண்ணியமில்லை.

நான் வீட்டோடு மசாலாப் பொடி போடுகிறேன். எனக்கெதற்கு "உலக" சப்ளை செயின்?

நீங்கள் ஏற்கெனவே அதற்குள்தான் இருக்கிறீர்கள். உங்கள் பொடியில் விழுகிற அன்னாசிப்பூ பெரும்பாலும் சீனாவின் குவாங்சி பகுதியிலும் வியட்நாமின் வடக்கு மலைகளிலும் விளைவது. கிராம்பு இந்தோனேசியா, மடகாஸ்கர், சான்சிபார் பக்கம். பட்டையில் மெல்லிய சுருள் என்றால் இலங்கை, தடித்த கட்டை என்றால் அநேகமாக வியட்நாம், இந்தோனேசியா அல்லது சீனா. கல்பாசி இமயமலை அடிவாரத்திலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்தும் வருகிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய் ஒன்றுதான் பக்கத்து ஊர்ச் சரக்கு. ஆக, செட்டிநாட்டு மசாலா என்று பெயர் போட்டாலும் பாதி பொருள் கப்பலில் வந்து இறங்கியது.

2005-ல் பறவைக் காய்ச்சல் பயம் உலகத்தைப் பிடித்தபோது அன்னாசிப்பூ விலை எகிறியது. காரணம், டாமிஃப்ளூ மாத்திரைக்கு வேண்டிய ஷிகிமிக் அமிலத்தை அந்தப் பூவிலிருந்துதான் பெருமளவு எடுத்தார்கள். எங்கோ ஒரு மருந்துத் தொழிற்சாலைக்கும் நம் ஊர் அம்மிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இதுதான் சம்பந்தம்.

நீங்கள் செய்ய வேண்டியது ரொம்ப எளிது. ஒரு நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் நேரே உங்கள் கடைக்காரர் பெயர், அவருக்கு நேரே அவர் யாரிடம் வாங்குகிறார் என்று எழுதுங்கள். இரண்டு கடையில் மாற்றி மாற்றி வாங்குகிறேன், எனக்கு ஆபத்தில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு பேரும் ஒரே இறக்குமதியாளரிடம் எடுக்கிறார்கள் என்றால் உங்களுக்கு இருப்பது ஒரே வழிதான்.

வேகமாக அனுப்புவது நல்லதா, மலிவாக அனுப்புவது நல்லதா?

பொருளைப் பொறுத்தது. மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவில் விற்கிற பொருள் (சாம்பார்ப் பொடி, வடகம், ஊறுகாய்) என்றால் மலிவு வழி. கப்பல், மொத்தமாக, நிதானமாக. எது விற்கும் எது தூங்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாத பொருள் என்றால் வேகத்துக்குப் பணம் கொடுக்கலாம், ஏனென்றால் அங்கே பெரிய செலவு போக்குவரத்து அல்ல, விற்காமல் மடிந்து கிடக்கும் சரக்கும், கேட்டபோது கையில் இல்லாமல் போன சரக்கும்தான். ஸ்பெயினின் ஜாரா கம்பெனி செய்வது இதைத்தான். சீக்கிரம் மாறுகிற மோஸ்தர் உடைகளை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கி என்று பக்கத்திலேயே தைக்கிறது, எப்போதும் ஓடுகிற சாதா உடைகளைத் தூரத்து ஆசிய நாடுகளில் மலிவாகத் தைத்து வாங்குகிறது. ஒரே கம்பெனிக்குள் இரண்டு சங்கிலி.

2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த கண்டாங்கிக்கும் இதே கணக்குப் பொருந்தும். வழக்கமான கட்டமும் கரையும் கொண்ட சேலை மொத்தமாகப் போகட்டும். புது நிறச் சேர்க்கை என்றால் கொஞ்சமாக விமானத்தில் அனுப்பி, எது ஓடுகிறதென்று பார்த்து, அப்புறம் தறிக்குச் சொல்லுங்கள்.

தீபாவளிப் பலகாரம் தனிச் சாதி. அளவு ஓரளவு தெரியும், ஆனால் நாள் தப்பினால் மதிப்பு பூஜ்யம். அதைக் கப்பலில் அனுப்பினால் தேதியைப் பின்னாலிருந்து எண்ணி, நடுவில் தாராளமாக நாள் விட்டுத் திட்டமிடுங்கள்.

சரக்கை எங்கே இருப்பு வைப்பது? இங்கேயா, போகிற நாட்டிலா?

இதுதான் முக்கியமான கேள்வி, ஆனால் குறைவாகவே கேட்கிறார்கள்.

முதலில் வட்டிக் கணக்கு. பத்து லட்ச ரூபாய்ச் சரக்கு. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். மூலப்பொருள் வாங்கிய நாளிலிருந்து வெளிநாட்டுக் கடைக்காரர் பணம் அனுப்பும் நாள் வரை நாலு மாதம் ஆனால் 40,000 ரூபாய் வட்டி. இதை யாரும் பில்லில் எழுதுவதில்லை. கப்பல் வாடகையில் மூவாயிரம் குறைத்தேன் என்று சந்தோஷப்படுகிறவர், அந்த மலிவுக் கப்பல் அரை மாதம் தாமதமாகப் போய் ஐயாயிரம் வட்டி தின்றதைக் கவனிப்பதில்லை. வட்டிக்கடை நடத்தியே உலகம் சுற்றிய ஊரில் இதை நான் விளக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

அடுத்தது, எவ்வளவு கையிருப்பு. எதிர்பாராத தேவைக்காக வைக்கிற உபரி இருப்பு, சரக்கு வந்துசேரும் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறும். காலம் நாலு மடங்கானால் உபரி இரண்டு மடங்கு. அதே கணக்கு இடத்துக்கும் உண்டு. தனித்தனியே ஏறி இறங்குகிற நாலு சந்தைக்கு நாலு கிடங்கில் வைப்பதற்குப் பதில் ஒரே கிடங்கில் வைத்தால் அந்த உபரி ஏறக்குறைய பாதி போதும், ஏனென்றால் ஓரிடத்தில் விற்காதது இன்னோரிடத்துக்கு உதவும். அதனால் சிங்கப்பூர், ஜோகூர், கோலாலம்பூர் மூன்றிலும் தனித்தனியாகப் பெட்டி அடுக்குவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். எல்லை தாண்டினால் வரியும் காகிதமும் உண்டு என்பதையும் சேர்த்துத்தான்.

மூன்றாவது, எந்த நிலையில் இருப்பு வைப்பது. ஹெச்.பி. கம்பெனி ஒரு காலத்தில் ஒவ்வொரு ஐரோப்பிய நாட்டுக்கும் தனித்தனி பிளக், தனித்தனி மொழிக் கையேடு போட்டுப் பிரின்டர்களைத் தொழிற்சாலையிலேயே பெட்டி கட்டி அனுப்பியது. ஒரு நாட்டில் குவிந்து கிடக்கும், பக்கத்து நாட்டில் இருக்காது. பிறகு பொதுவான பிரின்டராக அனுப்பி, ஐரோப்பாவில் இருக்கும் கிடங்கில் கடைசி நேரத்தில் பிளக்கையும் கையேட்டையும் சேர்த்தார்கள். இருப்புச் செலவு நன்றாக இறங்கியது. பெனட்டன் கம்பெனி இதையே நூலில் செய்தது: ஸ்வெட்டரை வெள்ளையாகப் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் ஓடுகிறதோ அந்தச் சாயத்தில் முக்கியது.

நமக்கு? பாக்கெட்டை லேபிள் இல்லாமல் அடைத்து வையுங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் சத்து அட்டவணை, ஒவ்வாமை எச்சரிக்கை, மொழி எல்லாம் வேறு வேறு. ஆர்டர் வந்தபின் ஒட்டினால் ஒரே சரக்கு துபாய்க்கும் போகும், சிட்னிக்கும் போகும். ஆத்தங்குடிக்காரர்களுக்கு இதை நான் சொல்லவே தேவையில்லை. சிமெண்டும் மணலும் வண்ணப்பொடியும் கண்ணாடித் தட்டும் தயாராக இருக்கும், டிசைன் சொன்னபின்தான் அச்சில் நிறம் ஊற்றுவார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறப்போட்டு இறுகவிடுகிற முறை, அதனால் சிறு ஆர்டரும் கட்டுபடியாகிறது.

ஆத்தங்குடி டைல்ஸ் கண்டெய்னர் பாதி காலியாகப் போகிறதே, ஏமாற்றுகிறார்களா?

இல்லை. இருபது அடி கண்டெய்னர் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். சிமெண்ட் கல் அவ்வளவு கனம், பாதி நிரம்புவதற்குள் எடை வரம்பு வந்துவிடும். கொட்டான், கூடை அனுப்புகிறவருக்கு நேர்மாறு: இடம் நிரம்பிவிடும், எடை ஒன்றுமே இருக்காது. ஒருவர் எடைக்குப் பணம் கட்டிக் காற்றை அனுப்புகிறார், இன்னொருவர் இடத்துக்குப் பணம் கட்டிக் காற்றை அனுப்புகிறார். ஒரே ஊருக்குப் போகிற சரக்கென்றால் கீழே கல், மேலே கூடை என்று சேர்த்து அனுப்பலாமே. வாங்குகிறவர் சம்மதமும், காகிதத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் சரியான எச்.எஸ். கோடும் (சுங்கத்துக்கான பொருள் வகை எண்) வேண்டும். அதைவிட, பக்கத்து ஊர்க்காரர் மேல் நம்பிக்கை வேண்டும், அதுதான் தட்டுப்பாடு.

மரப்பெட்டி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஊர் ஆசாரி அடித்துக் கொடுக்கிற பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஐ.எஸ்.பி.எம். 15 (மரப்பெட்டிக்கான சர்வதேசப் பூச்சித் தடுப்பு விதி) முத்திரை இல்லாவிட்டால் பல நாடுகளில் உள்ளே விடமாட்டார்கள். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும், அல்லது புகை போட்டிருக்க வேண்டும். பூச்சி பயம்.

தூத்துக்குடியா, சென்னையா, கொச்சியா?

நமக்குப் பக்கம் தூத்துக்குடி. நீண்ட தூரம் போகிற சரக்கில் நிறைய, சின்னக் கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். (வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் விட்டதும் இதே தூத்துக்குடி–கொழும்பு வழியில்தான், துறைமுகத்துக்கு இன்று அவர் பெயர்.) மாறுகிற இடத்தில் சில நாள் காத்திருக்க நேரலாம், அதைக் கணக்கில் சேருங்கள். 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்ட கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் நேரடியாக வருகின்றன. சரக்குக் கைமாறுவதற்கு இந்தியக் கரையிலேயே ஓர் இடம் கிடைத்திருப்பது தென் மாவட்டங்களுக்கு நல்லதுதான். விலை கேட்கும்போது இரண்டு வழிக்கும் கேளுங்கள்.

எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப்., டி.டி.பி. எதில் கையெழுத்துப் போடுவது?

எந்த இடம் வரை செலவு உங்களுடையது, எந்த இடத்தில் ஆபத்து கைமாறுகிறது என்பதைச் சொல்லும் இன்கோடெர்ம்ஸ் என்ற சர்வதேச வணிக விதிகள் இவை. 2020 பதிப்பில் மொத்தம் 11 இருக்கின்றன. எஃப்.ஓ.பி.யில் சரக்கு கப்பலில் ஏறும் வரை உங்கள் பொறுப்பு. ஆனால் கண்டெய்னரை நீங்கள் முனையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுவீர்கள், அது ஏறும் வரை உங்கள் கையில் எதுவுமில்லை. அதனால் கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. (வாங்குகிறவர் அமர்த்திய போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைப்பதோடு உங்கள் பொறுப்பு முடிகிற விதி) பொருத்தம் என்று விதி வகுத்த சர்வதேச வணிகச் சபையே சொல்கிறது. சி.ஐ.எஃப்.பில் வாடகையும் காப்பீடும் நீங்கள் கட்டுவீர்கள், ஆனாலும் ஆபத்து ஏற்றும் துறைமுகத்திலேயே கைமாறிவிடும். இது நிறையப் பேருக்குத் தெரியாது. டி.டி.பி. என்றால் அந்த நாட்டு இறக்குமதி வரி வரை நீங்களே கட்டிக் கடை வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அங்கே வரி ஏறினால் அடி உங்களுக்கு. புதியவர்கள் பக்கமே போகாதீர்கள்.

நம்பிக்கையான ஒரே ஆளிடம் வாங்கினால் போதாதா? ஒரே நாட்டுக்கு விற்றால் போதாதா?

2000 மார்ச்சில் அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலையில் மின்னல் தாக்கி ஒரு சின்னத் தீ. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் புகையும் தண்ணீரும் சிப் செய்கிற, தூசியே இருக்கக் கூடாத சுத்த அறையைக் கெடுத்துவிட்டன. நோக்கியாவும் எரிக்சனும் அந்த ஆலையின் சிப்பை நம்பியிருந்தன. நோக்கியா உடனே ஆள் அனுப்பி, மற்ற பிலிப்ஸ் ஆலைகளையும் வேறு கம்பெனிகளையும் பிடித்துச் சமாளித்தது. எரிக்சன் "சரியாகிவிடும்" என்று காத்திருந்தது, முக்கியமான சிப்புக்கு அதற்கு மாற்று வழியும் இல்லை. சுமார் 40 கோடி டாலர் விற்பனை போயிற்று, அடுத்த ஆண்டே கைபேசித் தொழிலை சோனியோடு கூட்டாகச் சேர்த்துவிட்டது. தீ ஒன்றுதான், வடிவமைப்பு இரண்டு.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும். நகரத்தார் 1930 வாக்கில் தங்கள் தொழில் மூலதனத்தில் பெரும்பகுதியை பர்மாவில் போட்டிருந்தார்கள். நெல் விவசாயத்துக்குக் கடன், அடமானம் நிலம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம், சில வருடங்களில் 25 சதவீதம் ஆனது. காகிதத்தில் பார்த்தால் பெரிய சொத்து. பணமாக வர வேண்டியது அசையாத மண்ணாக, ஒரே நாட்டில், ஒரே பயிரில் நின்றுவிட்டது. 1942-ல் ஜப்பான் படை வந்தது, 1948-ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் போட்டது. அப்புறம் நடந்தது பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கெல்லாம் தெரியும்.

அவர்களுக்குத் தொழில் தெரியாமல் போகவில்லை. ஏஜெண்டை மூன்று வருடக் கணக்கில் அனுப்புவது, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக ஆளைத் தயார் செய்வது, உண்டியல் (ஹுண்டி) சீட்டில் பணம் நகர்த்துவது எல்லாம் பிரமாதமான ஏற்பாடு. நன்றாக ஓடுகிற ஏற்பாடுதான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்கத் தூண்டும், அதுதான் சிக்கல். கொழும்பு, மலாயா, சைகோன் என்று பரப்பியவர்கள் கொஞ்சம் தாங்கினார்கள்.

அதற்காக எல்லாப் பொருளுக்கும் இரண்டு சப்ளையர் தேவையில்லை. அட்டைப்பெட்டி யாரிடம் வேண்டுமானாலும் கிடைக்கும். எது நின்றால் மொத்த வேலையும் நிற்குமோ, எதற்கு மாற்று தேட மாதக்கணக்கில் ஆகுமோ, அதற்கு மட்டும் இரண்டாவது ஆளை வைத்து, அவருக்கும் ஒழுங்காகக் கொஞ்சம் ஆர்டர் கொடுத்து வாருங்கள். அவசரத்தில் மட்டும் போனில் கூப்பிட்டால் அவர் ஏன் எடுக்க வேண்டும்?

ஜஸ்ட் இன் டைம் முறை செத்துவிட்டது என்கிறார்களே?

சாகவில்லை. வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் வரவழைத்து, இருப்பைக் குறைவாக வைக்கிற அந்த முறைக்கு டொயோட்டாதான் தாய்வீடு. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே டொயோட்டா, சிப் மாதிரி எளிதில் மாற்று கிடைக்காத பாகங்களுக்கு இரண்டு முதல் ஆறு மாதத் தேவையைக் கையிருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் சொல்லியது. 2021-ல் மற்ற கார் கம்பெனிகள் சிப் இல்லாமல் திணறியபோது டொயோட்டா ஆரம்பத்தில் பல மாதங்கள் தாக்குப்பிடித்தது. எதைக் குறைவாக வைப்பது, எதைக் கூடுதலாக வைப்பது என்று தெரிந்து வைப்பதுதான் முறை.

சூயஸ், செங்கடல் பிரச்சினையெல்லாம் நமக்கு எவ்வளவு தூரம்?

ஐரோப்பாவுக்கு அனுப்பினால் ரொம்பப் பக்கம். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸில் ஆறு நாள் குறுக்கே நின்றது. 2023 நவம்பருக்குப் பின் செங்கடலில் ஹூதித் தாக்குதல்கள் தொடங்கியதும் பெரும்பாலான கண்டெய்னர் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றின, பத்து நாளுக்கு மேல் கூடுதல். காலாவதித் தேதி உள்ள பொருள் என்றால் அந்தப் பத்து நாளும் அலமாரியில் இருக்க வேண்டிய நாளிலிருந்து கழியும். சிங்கப்பூர், துபாய்க்கு மட்டும் அனுப்பினால் கப்பல் பற்றாக்குறையால் வாடகை ஏறுவது வரைக்கும்தான் பாதிப்பு.

திடீரென்று ஆர்டர் இரண்டு மடங்கு வருகிறது, அடுத்த மாதம் ஒன்றுமே இல்லை. ஏன்?

கடையில் கொஞ்சம் கூடுதலாக விற்றால் கடைக்காரர் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கேட்பார், மொத்த வியாபாரி அதற்கும் மேல் சேர்ப்பார், உங்களிடம் வரும்போது வெள்ளமாக வரும். பிறகு எல்லோரும் இருப்பைத் தீர்க்கும் வரை வறட்சி. பிராக்டர் அண்ட் கேம்பிள் குழந்தைகளுக்கான டயப்பரில் இதைக் கண்டு ஆச்சரியப்பட்டது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைக்கிறார்கள், ஆனால் ஆர்டர் குதித்தது. மருந்து: வாங்குகிறவரிடம் ஆர்டர் அளவை மட்டும் கேட்காமல், போன மாதம் கடையில் உண்மையில் எத்தனை பாக்கெட் விற்றது, கையில் எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். ஆள் சேர்ப்பதும் மெஷின் வாங்குவதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

வரிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, எதை நம்பி முதலீடு செய்வது?

எந்த ஒரு வரி விகிதத்தையும் நம்பி வேண்டாம். 2025 ஆகஸ்ட் மாதத்துக்குள்ளேயே அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றுக்குக் கூடுதல் வரியை 25, பிறகு 50 சதவீதம் என்று ஏற்றியது. அமெரிக்கா மட்டுமே சந்தை என்றிருந்தவர்கள் கதியை யோசியுங்கள். மறுபக்கம், அமீரகத்தோடு 2022 மே மாதம் முதலும் ஆஸ்திரேலியாவோடு அதே ஆண்டு டிசம்பர் முதலும் வர்த்தக ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது, பல பொருளுக்கு வரி குறைவு அல்லது இல்லை. ஆனால் தானாகக் கிடைக்காது, விளைந்த நாடு எது என்ற சான்றிதழ் காட்ட வேண்டும். வெளிநாட்டு அன்னாசிப்பூவை இங்கே பாக்கெட் மட்டும் போட்டு இந்தியச் சரக்கு என்று சொல்ல முடியாது, எவ்வளவு மாற்றம் செய்தால் இந்தியச் சரக்கு என்பதற்கு ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் விதி உண்டு.

மசாலா திரும்பி வந்துவிட்டது என்று கேள்விப்படுகிறோமே?

2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி இந்திய மசாலா பாக்கெட்டுகள் சிலவற்றை நிறுத்தின. கிருமி நீக்கப் பயன்படுகிற ரசாயனம் அது, நாட்டுக்கு நாடு அளவு விதி வேறு. நீங்களே போடாவிட்டாலும் மேலே எங்கோ ஒருவர் மூட்டையில் அடித்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் லாட் எண் (ஒரே தடவையில் அரைத்த தொகுதிக்கான எண்), அந்த லாட்டில் எந்த மூட்டை விழுந்தது என்ற பதிவு. பிரச்சினை வந்தால் ஒரு லாட்டைத் திரும்ப எடுப்பதோடு போகும். பதிவில்லையென்றால் எல்லாமே திரும்பும்.

இதற்கெல்லாம் சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு எக்ஸெல் போதும்.

சின்னச் சின்ன ஆட்கள் தனித்தனியாக இதையெல்லாம் எப்படிச் செய்வது?

தனியாகச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தாரின் கிட்டங்கிகள் (பொதுக் கடைக் கட்டடங்கள்) இருந்தன. ஒரே கட்டடத்தில் பல மார்க்கா (தனித்தனி நிறுவனம்), ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, ஒரு மேசை. வாடகையும் சமையலும் பொது, கணக்கு மட்டும் தனி. இன்றைக்கு அதே மாதிரி ஐந்தாறு பேர் சேர்ந்து அங்கே ஒரு பொதுக் கிடங்கில் இடம் எடுத்து, இங்கே ஒரே கண்டெய்னரில் சரக்கு சேர்த்து, ஒரே கஸ்டம்ஸ் ஏஜெண்டை வைத்துக்கொள்ளலாம். சண்டை வருகிற இடம் இரண்டு: சேதமானால் யார் சரக்கு என்பது, ஒருவர் காகிதம் தவறானால் எல்லோர் சரக்கும் மாட்டுவது. இரண்டையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஆளுக்கு ஆள் காப்பீடு தனியாக எடுங்கள், பணம் வராமல் போகிற ஆபத்துக்கு அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி. இருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய தூண், பெட்டி, பீங்கான் எல்லாம் ஏற்றுமதி செய்யலாமா?

நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ன் தொல்பொருள் சட்டம் தடை சொல்கிறது. ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 வருடம். அதற்குக் குறைவானது என்றாலும் பார்ப்பதற்குப் பழசாக இருந்தால் கஸ்டம்ஸ் நிறுத்தும், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்றிதழ் கேட்பார்கள். ஈட்டி மரத்தில் செய்ததென்றால் 2017 முதல் சைட்ஸ் (அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) காகிதமும் தனியாக. விலை பேசுவதற்கு முன்னாலேயே இதை முடித்துக்கொள்ளுங்கள், வாங்குகிறவரிடம் அட்வான்ஸ் வாங்கிய பிறகு அல்ல.